கழுத்தில் வைத்த கை

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை காலை. பெங்களூரில் ஒரு பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரியின் ஃபைல் கவுன்ட்டர் வரிசையில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒரு அம்மாவை நான் கேலி செய்தேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஆனால் அடுத்த ஐந்து நிமிடத்தில் நான் அங்கே பார்த்ததைப் போன்ற அதிசயத்தை என் வாழ்க்கையில் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் வேலை. அது வயிற்றுக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் கால்பந்துப் போட்டிகளில் மைக் பிடித்து வர்ணனை செய்வேன். அதுதான் உயிர். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் கலந்து அடித்துவிடுவேன். ரெஃப்ரி மூக்கால் பேசுவதை அப்படியே செய்து காட்டினால் மைதானமே விழுந்து விழுந்து சிரிக்கும். அதில் எனக்கு ஏகப்பட்ட கெத்து. ஆட்டத்துக்கு நடுவே தொண்டையை நனைக்க டீ, கூடவே சிகரெட். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் என்று இருபது வருடம் ஊதித் தள்ளியிருக்கிறேன்.

அந்த வருடம் போட்டி முடிந்தும் தொண்டைக்கட்டு விடவில்லை. போட்டி முடிந்தால் நாலு நாள் எனக்குக் குரல் போவது வழக்கம்தான். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. மிளகுப் பால், சித்தரத்தை, மெடிக்கல் கடை மாத்திரை என்று நான்கு மாதம் ஓட்டினேன். "மேட்ச் முடிஞ்சு எத்தினி நாளாச்சு, இன்னும் இன்னாங்க கரகரன்னு?" என்று மனைவி தினமும் கேட்டாள். மைக் சரியில்லை, கத்த வேண்டியதாகிவிட்டது என்று சமாளித்தேன். காதுக்குள் குத்து வலி வந்து, எச்சில் விழுங்கவே கஷ்டமான பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதை எடுத்துச் சோதித்தார்கள். ஸ்கேன் செய்தார்கள். குரல்வளையில் புற்றுநோய். குரல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரத்தபோதே வந்திருந்தால் கதிர்வீச்சு சிகிச்சையோடு போயிருக்கலாம், இப்போது குருத்தெலும்பு வரை பரவிவிட்டது, குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டுப் பிறகு கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு இனிமேல் அது வழியாகத்தான். அதற்கப்புறம் பேச்சுப் பயிற்சி என்று ஏதோ சொன்னார். அதெல்லாம் என் காதில் ஏறவே இல்லை. குரலே போன பிறகு என்ன பயிற்சி?

கடைக்கு வந்த ஒருவர், எங்கேயோ ஒரு ஊரில் இலை மருந்து கொடுத்தே கட்டியைக் கரைத்துவிடுகிறார்கள் என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தேனே தவிர, என் திட்டம் வேறு. ரிப்போர்ட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு, அப்படியே அந்த ஊருக்குப் பஸ் ஏறிவிட வேண்டும்.

கவுன்ட்டரில் நீளமான வரிசை. எனக்கோ பொறுமை இல்லை. சும்மா ஒரு விஷயம் கேட்பவன் போலப் பக்கவாட்டில் போய் முன்னால் நுழைந்தேன்.

"யோவ்! இத்தினி பேர் நிக்கிறது... உன் கண்ணுக்குத் தெரியல? உனக்கு மட்டும் இன்னா... தனி ரூட்டா?"

திரும்பிப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா. முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தி, அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பேசினார். குரல் ஆண்குரல் போலக் கட்டையாக, கரகரவென்று இருந்தது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார்.

எனக்கு வந்ததே கோபம். வந்த ஆத்திரத்துக்கு வாய் சும்மா இருக்குமா? நானும் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, அதே கரகரப்பில், அதே இடத்தில் மூச்சு வாங்கி, "உனக்கு மட்டும் இன்னா... தனி ரூட்டா?" என்று செய்து காட்டினேன். வரிசையில் இரண்டு பேர் சிரித்தும் விட்டார்கள்.

அந்த அம்மா கோபப்படவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முந்தானையை விலக்கினார்.

கழுத்துக்குக் கீழே, இரண்டு காறை எலும்பும் சேரும் பள்ளத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு துளை. உள்ளே வெள்ளையாக ஏதோ சின்னதாகத் தெரிந்தது. அவர் வாயை அசைத்தார். சத்தமே இல்லை. துளையைக் கட்டை விரலால் மூடினார். "இப்போ கேக்குதா?" என்றார். விரலை எடுத்தார், உதடு மட்டும் அசைந்தது. மூடினார், குரல் வந்தது. குழந்தைக்கு விளக்குவதுபோல இரண்டு மூன்று தடவை செய்து காட்டினார்.

கழுத்தில் வைத்திருந்த என் கையைக் கீழே இறக்கினேன். இவ்வளவு நேரம் என்னோடு சண்டை போட்டது குரல்வளையே இல்லாத ஒரு மனுஷி!

"மன்னிச்சிடும்மா" என்றேன். அதைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாமல் குரல் உடைந்தது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"உனக்கும் அங்கதானா? ஆபரேஷன் எப்போ?"

"பண்ணிக்கப் போறதில்ல. எனக்குப் பேச்சுதாம்மா எல்லாம்."

"எனக்கு மட்டும் வேற இன்னாப்பா? பொம்மனஹள்ளில தெருத்தெருவா சொப்பு விக்கிறேன். கத்துனாதான் யாவாரம்." வாயில் புகையிலை அடக்கும் பழக்கம் இருந்ததாகவும், ஆபரேஷன் ஆகி மூன்று வருடம் ஆவதாகவும், உள்ளே இருக்கும் வால்வை மாற்ற வந்திருப்பதாகவும் சொன்னார். பெங்களூரில் கீரைக்குச் சொப்பு என்பதுதான் பேச்சு.

நான் நம்பாத மாதிரி பார்த்திருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து நின்றார். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். கட்டை விரலை வைத்தார்.

"சொப்பே...ய்! தண்டு... மெந்த்யா... சப்ஸிகே சொப்பே...ய்!"

அப்பப்பா! தண்டுக்கீரை, வெந்தயக்கீரை, சதகுப்பைக்கீரை என்று அந்த நீளமான வராந்தா முழுக்க அந்தக் குரல் போனது. ஃபைலோடு நின்றவர்கள், ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர், தலைமுடி கொட்டிய ஒரு பெண், எல்லாரும் திரும்பினார்கள். வாட்ச்மேன் ஓடிவந்து, "ஏன்ம்மா, இது இன்னா மார்க்கெட்டா?" என்று கன்னடத்தில் அதட்டினார். "ஆமா, உனக்கு ரெண்டு கட்டு வேணுமா?" என்றார் அந்த அம்மா, கன்னடத்திலேயே. வரிசையே சிரித்தது. நான் அழுதேன். வெட்கமில்லாமல், எல்லார் முன்னாலும் அழுதேன்.

"ஆளு இருந்தா தானேப்பா பேச்சு?" என்று மட்டும் சொன்னார். "போ, பின்னாடி போய் நில்லு."

போய் வரிசையின் கடைசியில் நின்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கவுன்ட்டருக்கு வந்தபோது, ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. ஆபரேஷன் தேதியை யாரிடம் கேட்க வேண்டும் என்று கேட்டேன். அதற்குள் அந்த அம்மா எந்தக் கதவு வழியாகவோ உள்ளே போய்விட்டிருந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் மூக்குக் குழாயில்தான் சாப்பாடு, சிலேட்டில்தான் பேச்சு. பிறகு கதிர்வீச்சு. சூடான காபியை ஊதிக் குடிக்க முடியாது, வாசனை தெரியாது, தும்மினால் கழுத்து வழியாக வரும். ஒவ்வொன்றும் புதிதாகப் பழகினேன். சிகரெட்டை விட்டது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. புண் நன்றாக ஆறிய பிறகு வால்வு பொருத்தினார்கள். நுரையீரல் காற்றை அது உணவுக் குழாய்க்குள் திருப்பிவிடும், அந்தச் சுவர் அதிர்வதுதான் குரல் என்றார் பேச்சுப் பயிற்சி மேடம். சோறு இறங்கும் பாதை பேசுமாம்! உடம்புக்குள் இப்படி ஒரு மாற்று வழி இருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

"விரலை வெச்சு ஏதாவது சொல்லுங்க" என்றார் மேடம். பக்கத்தில் மனைவி. அவள் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்காக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, "சொப்பே...ய்!" அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

போன வருடம் நண்பர்கள் பிடிவாதமாக மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ஒரு கையில் மைக், மறு கை கழுத்தில். இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். எதிர் டீம் பக்கத்திலிருந்து ஒரு ஆள் எழுந்து, கழுத்தில் கை வைத்து என்னைப் போலவே கரகரத்துக் காட்டினார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. என் நண்பன் சட்டையை மடித்துக்கொண்டு கிளம்பினான். அவனைத் தடுத்துவிட்டு மைக்கிலேயே சொன்னேன்.

"பிரதர், கைய இன்னும் கொஞ்சம்... கீழ வெக்கணும்."

சொல்லிவிட்டுக் கழுத்தில் கட்டியிருந்த துணியை விலக்கிக் காட்டினேன். அந்த ஆளின் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வரவில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் என் முகமும் அப்படித்தான் போயிருக்கும்.

வால்வு மாற்றப் போகும்போதெல்லாம் அந்த வரிசையில் அவரைத் தேடுகிறேன், இதுவரை கண்ணில் படவில்லை. அன்று கேலிக்காகக் கழுத்துக்குப் போன அதே கை, இன்று நான் ஒவ்வொரு வார்த்தை பேசும் முன்னும் அங்கேதான் போகிறது, அப்போதெல்லாம் மனதுக்குள் முதலில் கேட்பது அந்த அம்மாவின் குரல்தான்.