தான் விட்ட கோல்களை அனுப்பியவள்

பந்து அவள் விரல் நுனியைத் தாண்டி வலைக்குள் விழும் இடத்தில் படத்தை நிறுத்தினாள். ஐந்து விநாடி பின்னால் தள்ளினாள். மறுபடியும் விழுந்தது. சமையலறை மேடையில் உப்பு ஜாடியின்மேல் சாய்த்த கைபேசி. எதிரே ஒற்றைக் காலில் அவள். உட்கார்ந்து பார்த்தால் தன்மேல் இரக்கம் வந்துவிடுமாம்.

பதினேழு வயது. பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். கூட ஆடும் பெண்கள் வைத்த பெயர் ‘பூட்டு’. “பேருதான் பூட்டு. போன வாரம் நாலு தடவை திறந்துக்கிச்சு” என்பாள்.

அவள் எனக்கு அறிமுகமானதே சண்டையில்தான். அவர்கள் மாடியில், நான் கீழே. தினமும் காலை ஆறு மணிக்கு என் தலைக்கு மேல் தொப் தொப்பென்று சத்தம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். தரையில் மெத்தையைப் போட்டு, வலப்பக்கமாக விழுந்து பழகிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டாள், அடுத்த மூச்சிலேயே, “நீங்க பத்திரிகைல எழுதுறவங்கதானே ஆன்ட்டி? ஒரு லெட்டர் பார்த்துத் தர்றீங்களா? தப்பு மட்டும் பாருங்க. அழகாக்கிடாதீங்க” என்றாள். திட்டப் போனவள் பேனாவோடு உட்கார்ந்தேன்.

கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு, அணியில் இடம் கேட்டு அவளே எழுதிய கடிதம். உயரம், ஆடிய ஆட்டங்கள் இருபத்திரண்டு, வாங்கிய கோல்கள் முப்பத்தொன்று. ‘அதில் ஒன்பது என் தவறு. வலப்பக்கம் தாழ்வாக வரும் பந்துக்குத் தாமதமாக விழுகிறேன். தினமும் பழகுகிறேன்.’ கூடவே அனுப்பும் வீடியோ, நாலுக்கு ஒன்று என்று தோற்ற ஆட்டம், முழுசாக.

“யாராவது தன் ஓட்டையைத் தானே காட்டுவாங்களா?” என்றேன்.

“நேர்ல வந்தா பார்க்கத்தானே போறாங்க? நானே சொல்லிட்டா, அதுக்கு மேல என்ன இருக்குன்னு பார்ப்பாங்க.”

அவள் அப்பா பஸ் ஓட்டுகிறார். நல்ல மனிதர், ஆனால் எந்தக் காரியத்துக்கும் ‘தெரிஞ்ச ஆள்’ ஒருவர் வேண்டும் அவருக்கு. தினம் அவர் பஸ்ஸில் வரும் ஒருவருடைய மைத்துனர் ஏதோ கல்லூரியில் வேலை பார்க்கிறாராம். “ஒரு வார்த்தை சொல்லிவெச்சா போதும்மா.”

“அந்த வார்த்தை வந்து கோல் போஸ்ட்ல நிக்குமாப்பா?”

அம்மா துணி மடித்தபடி சிரித்தாள்.

பதினாலு கடிதம் போனது. மூன்றுக்குப் பதில் வந்தது. இரண்டு ‘இடமில்லை’. மூன்றாவது எழுதிய பெண் பயிற்சியாளர், சனிக்கிழமை ஆட்டத்துக்கு நேரிலேயே வந்தார்.

அன்று நானும் போயிருந்தேன். மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். கடைசி நிமிடத்தில் விழுந்த கோலைப் பார்த்து அவள் அப்பா தலையில் கை வைத்தார். ஆட்டம் முடிந்ததும், “வெயில் நேரா கண்ணுல அடிச்சுது, அந்தம்மாகிட்ட சொல்லணும்” என்று வேட்டி தடுக்க ஓடினார். அதற்குள் மகள் பயிற்சியாளர் முன்னால் நின்றிருந்தாள், முட்டியெல்லாம் மண்ணோடு.

“மூணாவது கோல் என் தப்பு மேடம். பந்து வர்றதுக்கு முந்தியே நான் வெளிய ஓடிவந்துட்டேன்.”

“தெரிஞ்சுதான் வந்தியா?”

“பயந்துபோய் வந்தேன்.”

பயிற்சியாளர் கையிலிருந்த நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். “அடுத்த வாரம் மூணு நாள் வந்து எங்க பொண்ணுங்களோட ஆடு. எடுத்துக்கறேன்னு சொல்லல.”

போனாள். முதல் நாள் சொதப்பல் என்று அவளே சொன்னாள். மற்ற இரண்டு நாளைப் பற்றிப் பேச்சே இல்லை. பத்து நாள் கழித்து அழைப்பு வந்தது. இடம் உண்டு, ஆனால் இரண்டாவது கோல்கீப்பராக. முதல் வருஷம் ஓர் ஆட்டம்கூட ஆடக் கிடைக்காமல் போகலாம்.

“பெஞ்சுல உட்கார வைக்கவா கூப்பிடறாங்க?” அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

அவள் போனில் ஒன்றே ஒன்று கேட்டாள்: “ரெண்டாவது ஆளுக்கும் தினம் பிராக்டிஸ் உண்டா மேடம்?” உண்டு என்றதும் “வர்றேன்” என்றாள். போனை வைத்த பிறகு குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள். வந்தபோது கண் சிவந்திருந்தது.

படிவம் நிரப்பிய அன்று நானும் அங்கே இருந்தேன். ‘வீரரின் ஆட்டம் குறித்து யாரிடம் பேச வேண்டும்?’ என்று ஒரு கட்டம். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தன் எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நான்காவது இலக்கத்தில் நின்றுவிட்டார். அவள் எழுதிக்கொண்டிருந்தது வேறு எண், அவளுடையது. எழுதி முடித்தாள். பிறகு தாளை அவர் பக்கம் திருப்பி, பெற்றோர் கையெழுத்துக்கான கோட்டின் ஓரத்தில் விரலை வைத்து, பேனாவை நீட்டினாள்.