துடக்கு வீட்டில் வாடிய செடி

அந்தப் பட்டனை எடுத்தது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை.

கொம்பனித்தெரு அலுவலகத்தில் நாங்கள் செய்தது, தினப் பழக்கங்களை நினைவூட்டும் ஒரு ஆப். நடப்பது, தண்ணீர் குடிப்பது, விளக்கேற்றுவது, எதையும் போட்டுக்கொள்ளலாம். செய்தால் திரையில் ஒரு செடி வளரும். தவறினால் வாடும். திரைகளை வரைந்தவள் நான். "இன்று இல்லை" என்று ஒரு பட்டனும் வைத்திருந்தேன். அதை அழுத்தினால் செடி வாடாமல் அப்படியே நிற்கும். மேலாளரான நீங்கள் கூட்டத்தில் சிரித்தீர்கள்.

"அக்காவுக்கு எல்லாத்துக்கும் லீவு வேணும். ஆக்களுக்கு மனம் குத்தினாத்தான் திரும்பி வருவினம்."

எல்லோரும் சிரித்தார்கள். பட்டன் போய்விட்டது.

பிறகு அம்மா செத்துப்போனார். வெள்ளவத்தை வீட்டில் நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம். கனடாவிலிருந்து வந்த அண்ணன் கொள்ளி வைத்துவிட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். சாப்பாடு கொண்டுவந்த மேல்மாடிக்காரரும் மெல்ல வருவதை நிறுத்திவிட்டார்கள். சாவுத் தீட்டு கழியாத துடக்கு வீடு, சாமி விளக்கு ஏற்றக்கூடாது. பின்னேர ரயில் போனபின் ஒரு சத்தமும் இருக்காது.

அப்போதுதான் போன் அடிக்கும். விளக்கேற்றுவதை நானும் அந்த ஆப்பில் போட்டிருந்தேன். "இன்றும் விளக்கேற்ற மறந்துவிட்டீர்களா? உங்கள் செடி அழுகிறது." செடிக்குக் கண்ணீர் வைத்ததும் உங்கள் யோசனைதான்.

ஏற்றாமலே ஏற்றியதாக அழுத்தியிருக்கலாம். சாமி விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. ஆப்பை அழித்திருக்கலாம். அதுவும் முடியவில்லை. அந்த வீட்டில் நாள்தோறும் என்னைத் தேடியது அது ஒன்றுதான். அதுவும் குறை சொல்லத்தான் தேடியது. ஒருநாள் தீப்பெட்டியோடு சாமியறை வாசலில் நின்றேன். அந்தச் செடிக்காக. வெட்கங்கெட்ட வேலை.

வேலைக்குத் திரும்பியதும் இதைச் சொன்னேன்.

"அக்கா, துடக்குக்கெல்லாம் ஆப் செய்ய ஏலாது" என்றீர்கள்.

உங்கள் அப்பா காலமானபோது கொட்டாஞ்சேனை வீட்டுக்கு நானும் வந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் நீங்கள், துடக்கு முடியும்வரை அந்தப் பக்கமே போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஐயர் கேட்டாரா? பூக்கடைக்காரி முகம் திருப்பினாளா? நீங்கள் திரும்பக் கோயிலுக்குப் போனபோது திருநீறு தந்தார்கள். அவ்வளவுதான்.

நான் வேலையை விட்டுவிட்டேன். ஆப்பின் கருத்துப் பக்கத்தில் ஒரு தாய் எழுதியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு கிடந்தபோது செடி அழுததாம். கீழே உங்கள் பதில்: "கருத்துக்கு நன்றி."

எனக்குப் போன் எடுத்துச் சமாதானம் சொல்ல வேண்டாம். பட்டனை ஏன் எடுத்தீர்கள் என்று, அவள் எழுதியதற்குக் கீழே, உங்கள் பெயரைப் போட்டு, எல்லாரும் பார்க்க எழுதுங்கள்.