சட்டி திறந்திருக்கிற மட்டும்

அடுத்தவையின்ர பிள்ளையளுக்குச் சமைச்சுப் போடுற வேலை இருக்குதே, அதுவும் களவு சண்டை எண்டு கோட்டுக்குப் போய்வந்த பதினைஞ்சு வயசுப் பிள்ளையளுக்கு, அதைவிடக் கல்லுடைக்கப் போகலாம். வீட்டில அந்த வயசில ஒண்டை வைச்சிருக்கிறவைக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்களுக்கு ஒண்டு. எனக்கு ஒரு மேசை நிறைய.

தொண்ணூறுகளில இத்தாலியில, பலேர்மோவில நான் பாத்த வேலை இது. அதுக்கு முன்னம் ஒரு வயசான சிஞ்ஞோராவை, அதுதான் அந்த ஊர் வீட்டுக்கார அம்மாவைப் பாத்துக்கொண்டிருந்தன். அவ கண்ணை மூடின பிறகு பங்குச் சாமியார் கூப்பிட்டார். நகரத்துக்கு வெளியில கோயிலுக்குச் சொந்தமா ஒரு பழைய எலுமிச்சைத் தோட்டம் கிடக்கு, அங்கை குழப்படிப் பிள்ளையளுக்குத் தோட்டவேலை குடுக்கினம், சமைக்க ஆள் வேணும் எண்டார். தோட்டத்தை நடத்தினவ மாலியே, ஹவாய்க்காரி. கப்பலில வேலை செய்யிற ஒரு சிசிலிக்காரனைக் கட்டி வந்தவ. மனுசன் எப்பவும் கடலில, இவ எப்பவும் கரையில. பெரிய உடம்பு, மெல்லிய குரல். தன்ர ஊரில தறுதலையாத் திரியிற பிள்ளையளைச் சேம்பு வயலுக்குள்ள இறக்கித்தான் ஆளாக்கிறது எண்டு சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சேம்பங்கிழங்கு எங்கடை மன்னாரிலயும் இருக்குது. அதால திருந்தின ஒருத்தரையும் நான் காணேல்லை.

கடிச்சுப் பாத்தவன்

விதைக் கிழங்குக்கு நானும் மாலியேயும் கபோச் சந்தையில ஒரு மொரீசியஸ்காரன்ர கடைக்குப் போய், ஒரு சாக்குக் கிழங்கை பஸ்ஸில ஏத்திக் கொண்டுவந்தம். பிள்ளையள் சுத்தி நிண்டு பாத்துதுகள். அதில சல்வோ எண்டு ஒருத்தன். மீன்கடைக்காரன்ர மகன், வாய் காதுவரைக்கும் நீண்டவன். "பச்சையாத் தின்னாதை, தொண்டையைப் பிடுங்கும்" எண்டு சொன்னன். நான் சொல்லாமல் விட்டிருந்தால் அவன் அதைத் திரும்பியும் பாத்திருக்க மாட்டான்.

எல்லாருக்கும் முன்னால ஒரு கடி கடிச்சு, மென்று, விழுங்கி, சிரிச்சான். சிரிப்பு மெல்ல மெல்ல நிண்டுது. பிறகு நாக்கு வெளியில வந்துது, கண்ணால தண்ணி ஓடிச்சுது. நான் எலுமிச்சங்காயை வெட்டி நாக்கில தேய்ச்சு, கரண்டி கரண்டியா ஒலிவ் எண்ணெய் பருக்கினன். கனநேரம் மரத்தடியில இருந்திட்டுக் கரகரத்த குரலில அவன் சொன்னான்: "இது கிழங்கில்லை சிஞ்ஞோரா, பொலிஸ்."

சப்பாத்து

மரங்களுக்கு நடுவில பாத்தி வெட்டித் தண்ணி விட்டாச்சு. இனி எல்லாரும் இறங்கி மிதிக்கவேணும். காலால மிதிச்சு மிதிச்சு அடி இறுகினால்தான் தண்ணி கீழ இறங்காது எண்டா மாலியே. பிள்ளையள் ஒருத்தரின்ர தோளை ஒருத்தர் பிடிச்சுக்கொண்டு சேத்துக்குள்ள சுத்திச் சுத்தி நடந்துதுகள். எலுமிச்சை பூத்திருந்த காலம். அந்த வாசத்துக்குள்ள, நேற்றுவரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக் குதறினதுகள் ஒண்டும் கதைக்காமல் சுத்துதுகள். குசினி ஜன்னலால பாத்துக்கொண்டு நிண்ட எனக்கு நித்திரையோ முழிப்போ எண்டு தெரியேல்லை. பருப்பு அடிப்பிடிச்ச மணம்தான் என்னை எழுப்பினது.

இறங்காமல் நிண்டவன் ஒருத்தன் மட்டும். சகாயன். அந்தக் கூட்டத்தில எங்கடை பிள்ளை அவன்தான். தாய் ரீத்தா அவனைச் சின்னனிலயே மன்னாரில சித்தியோட விட்டிட்டு இஞ்சை வேலைக்கு வந்தவ. இஞ்சை இருக்கிறதுக்குப் பேப்பர் சரிவந்து அவனைக் கூப்பிடேக்கை மீசை அரும்பியிட்டுது. அவ ஒரு சிஞ்ஞோரா வீட்டில தங்கி வேலை, இவன் நகரத்துக்குள்ள கால்சாப் பக்கம் மாமன் வீட்டில. பள்ளிக்கூடத்தில ஒருத்தன்ர மூக்கை உடைச்சு, ஒரு பாரின்ர கண்ணாடியை உடைச்சு, கடைசியில கோட்டு. இன்னொரு சண்டை எண்டால் கடலுக்கு அங்காலை, பூட்டி வைக்கிற விடுதி. அங்கை போன பிள்ளையள் என்னவாத் திரும்பி வருகினம் எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பொழுதுபட எல்லாரும் கழுவப் போன பிறகு, அவன் வெள்ளைச் சப்பாத்தைக் கழட்டி, நாடாவை முடிஞ்சு கழுத்தில தொங்கவிட்டுக்கொண்டு, தனிய இறங்கி மிதிச்சான். அவனுக்குச் சாப்பிடப் பாண் கொண்டுபோன நான், வரம்பில வைக்கலாமே தம்பி எண்டன். "வரம்பில வைச்சால் சல்வோ எடுத்திடுவான் அன்ரி. இது அவ வாங்கித் தந்தது." தாயை அவன் அப்பிடித்தான் சொல்லுவான், அவ எண்டு.

தண்ணி வாற நேரம்

எங்கடை தண்ணி, மேல் தோட்டத்து டொன் மிம்மோவின்ர கல்லுத் தொட்டியில இருந்து பழைய வாய்க்காலால வரவேணும். தண்ணி வேணுமெண்டவன் தன்ர பாத்தியடியை மட்டும் துப்புரவாக்கினால் காணாது, வாய்க்காலின்ர தலையில இருந்து வழிச்சுக்கொண்டு வரவேணும். இது மாலியேயின்ர சட்டம். வழிச்சு முடிஞ்சால் காத்துக் கிடக்கவேண்டியதுதான். ஆபிரிக்காப் பக்கத்துச் சூட்டுக்காத்து அடிக்கிற மத்தியானங்களில தண்ணியின்ர சத்தத்துக்குக் காது குடுத்துக்கொண்டு எல்லாரும் மரத்தடியில கிடப்பம். முதலில ஒரு சருகு வரும். அதுக்குப் பிறகு புழுதி நனையிற மணம். பிறகுதான் தண்ணி வரும், அவசரமில்லாமல், வழி கேட்டுக் கேட்டு வாற ஆள் மாதிரி.

அப்பிடியொரு மத்தியானம், சகாயன் வாய்க்கால் ஓரத்தில கன்னத்தை நிலத்தில வைச்சுப் படுத்திருந்தான். நான் பக்கத்தில இருந்து அவரைக்காய் உரிச்சன். கண்ணைத் திறக்காமலே கதைச்சான். அவ வேலை செய்யிற வீட்டுக்கு ஒருக்காப் போனவனாம், வெளியில நிண்டு ஜன்னலால பாத்தவனாம். அந்த வீட்டுச் சின்னப் பெட்டையை மடியில இருத்தி அவ சீப்பால தலை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தவவாம். தண்ணி வந்து அவன்ர கன்னத்தை நனைச்சுது, அவன் அசையேல்லை. "நான் இஞ்சை வந்து சேரேக்கை எனக்கு நானே தலை இழுக்கப் பழகியிட்டன் அன்ரி."

மூடி

குளிர் தொடங்கேக்கை முதல் கிழங்கு கிண்டினம். அவிச்சு, தோலுரிச்சு, பலகையில வைச்சுக் கல்லால இடிச்சு, தண்ணி தெளிச்சுக் குழைச்சால் ஊதா நிறத்தில ஒரு களி. மாலியே அதை மண்சட்டியில போட்டு மேசைக்கு நடுவில வைச்சா. தங்கடை ஊரில இந்தச் செடிதான் மனுசருக்கெல்லாம் மூத்த அண்ணன் எண்டா. சட்டியைத் திறந்தால் அண்ணன் எங்களோட பந்தியில இருக்கிறார். மூடுற வரைக்கும் சண்டையில்லை, தூசணமில்லை.

பிள்ளையள் சிரிச்சுதுகள். பிறகு விளையாட்டாச் செய்து பாத்துதுகள், பிறகு அதுவே பழக்கமாப் போச்சுது. எலுமிச்சையும் உப்பும் விட்டு நக்கி நக்கித் திண்டுகொண்டு, தூரத்துக் கடலைப் பாத்துக்கொண்டு இருக்குங்கள். துறைமுகத்துக் கப்பல் ஊதுற சத்தம்கூடக் கேக்கும். எனக்கு மட்டும்தான் கரைச்சல். அந்தக் களி காய்ஞ்சால் சட்டியில பசை மாதிரி ஒட்டியிடும், அதால நான் எப்ப மூடிக் கழுவுவன் எண்டு நிப்பன். ஒருநாள் சல்வோவுக்கு எதிரில இருந்தவன் அவன்ர பாணை எடுத்திட்டான். சல்வோ முகம் சிவந்து, கரண்டியைக் கீழ வைச்சிட்டு, என்னட்டை வலு மரியாதையாக் கேட்டான்: "சிஞ்ஞோரா, ஒரு நிமிசம் மூடுங்கோ. இவனுக்கு ஒண்டு சொல்ல வேண்டிக்கிடக்கு."

வியாழக்கிழமை

சகாயன்ர விசயத்தை முடிவெடுக்கக் கோட்டால ஒரு தொத்தொரேஸ்ஸா, படிச்ச உத்தியோகக்காரி, வந்தா. தோட்டத்தில விடுறதோ, பூட்டின விடுதிக்கு அனுப்புறதோ எண்டு அவதான் எழுதிக் குடுக்கவேணும். வீட்டுவேலைக்காரருக்கு லீவு வியாழன் பின்னேரம்தான், அதால ரீத்தாவையும் அண்டைக்கே வரச் சொன்னது. சிஞ்ஞோரா குடுத்த பழைய குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு, கேக் பெட்டியோட வந்து கதிரை நுனியில இருந்தா.

பிள்ளை எப்பிடி எண்டு தொத்தொரேஸ்ஸா கேட்டா. எங்கடை தாய்மாரின்ர பழக்கம் உங்களுக்குத் தெரியுந்தானே. பெரிய ஆக்களுக்கு முன்னால சொந்தப் பிள்ளையைப் புகழக்கூடாது. தாழ்த்திக் கதைச்சால்தான் அவை இரங்கிக் கைகுடுப்பினம். ரீத்தா தன்ர உடைஞ்ச இத்தாலியனில தொடங்கினா. சொல்லுக் கேக்கான், முரடன், நன்றியில்லை, நீங்கள்தான் இவனை ஒரு வழிக்குக் கொண்டுவரவேணும். தொத்தொரேஸ்ஸாவுக்கு அது கெஞ்சுறதெண்டு எங்கை விளங்கும்? பேனையை எடுத்தா. நான் மேசைக்குக் கீழால ரீத்தாவின்ர காலை மிதிச்சன். அவ நிப்பாட்டேல்லை.

சகாயன் எழும்பினான். கதிரை பின்னால விழுந்துது. "என்னை விட்டிட்டுப் போனனீங்கள். என்னைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு என்ன தெரியும்?" எண்டு தமிழில கேட்டான். கை பொத்தி இருந்தது. பிறகு திரும்பிக் குசினிக்குள்ள போனான். அங்கை என்ர கத்தியெல்லாம் மேசையிலயே கிடந்தது. அந்தோனியாரே எண்டு மனசுக்குள்ள கூப்பிட்டன்.

வெளியில வரேக்கை அவன் ரெண்டு கையாலயும் சட்டியை அணைச்சுக்கொண்டு வந்தான். தாய்க்கு முன்னால வைச்சு மூடியை எடுத்தான். விழுந்த கதிரையைச் சல்வோ நிமித்தி வைச்சான். மற்றப் பிள்ளையளும் வந்து மேசையைச் சுத்தி இருந்துதுகள். ரீத்தாவுக்கு ஒண்டும் விளங்கேல்லை, திரும்பவும் வாயைத் திறந்தா. சகாயன் அவவின்ர கையில கரண்டியை வைச்சான். "சாப்பிடுங்கோ அம்மா. மூடினாப் பிறகு ஏசுங்கோ."

அம்மா எண்டு அவன் சொல்லி நான் கேட்டது அண்டைக்குத்தான். ரீத்தா ஒரு வாய் வைச்சிட்டு அழுதா, அழுதுகொண்டே சாப்பிட்டா. எனக்கும் கண் நிறைஞ்சு போச்சு. தொத்தொரேஸ்ஸா என்னட்டை, பிள்ளை என்ன சொன்னவன் எண்டு கேட்டா. சட்டியின்ர சட்டத்தையும், அவன் சொன்னதையும், ரீத்தா ஏன் அப்பிடிக் கதைச்சவ எண்டதையும் எனக்குத் தெரிஞ்ச இத்தாலியனில சொன்னன். தொத்தொரேஸ்ஸா பேனையைப் பைக்குள்ள போட்டிட்டு, தானும் ஒரு கோப்பையை எடுத்துச் சட்டிப் பக்கம் நீட்டினா. "அப்பிடியெண்டால் இண்டைக்கு ஒருத்தரும் இதை மூடவேண்டாம்."

சகாயன் விடுதிக்குப் போகேல்லை, எங்களோடைதான் இருந்தவன். ஆனால் அடி காய்ஞ்சு ஒட்டின அந்தச் சட்டியை அடுத்த நாள் காலமை ஆர் சுரண்டினது எண்டு இண்டை வரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை.