ஐந்தாவது கையெழுத்து

முதுகில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வானத்துக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு என்பாள் குடையக்கா. விழமாட்டோம் என்று நம்புகிறவர்கள் ஒரு வகை. விழுந்தாலும் வலிக்காது என்று நம்புகிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறதா என்று பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன் அவள் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தாள். மானமான தொழில். லாரிக்காரன் யாரும் தன்னைக் கழுகு என்று நினைத்துக்கொள்வதில்லை. ஊருக்கு வெளியே, மூடிப்போன செங்கல் சூளைக்குப் பக்கத்துப் பொட்டலில் பாராமோட்டார் கிளப் ஒன்று முளைத்த பிறகுதான் அவள் பிழைப்பு திசை மாறியது. பாராமோட்டார் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதுகில் ஒரு மோட்டார், அதன் பின்னால் கூண்டுக்குள் சுழலும் பெரிய விசிறி, தலைக்கு மேல் துணியால் ஆன இறக்கை. ஓடினால் எழும்பலாம். இறக்கை நடுவானில் மடங்கிவிட்டால் கீழே வரலாம், கொஞ்சம் வேகமாக.

அப்படி வருகிறவர்களுக்காகத்தான் ரிசர்வ். இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பை, அதற்குள் மடித்து வைத்த அவசரக் குடை. சிவப்புப் பிடியை இழுத்து, கையில் வரும் உள்பையை விட்டெறிந்தால் குடை விரியும். அதே துணி வருடக்கணக்கில் மடிந்தே கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ரப்பர் வளையங்கள் வெடித்துப் போகும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை பிரித்து, காற்றாட விட்டு, ஓட்டை கிழிசல் பார்த்து, மறுபடி மடித்து, அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். வெளியூர் போய் இரண்டு வாரம் படித்துவிட்டு வந்து அக்கா செய்கிற வேலை இதுதான். கிளப்பில் அவள் கையெழுத்து இல்லாத அட்டையோடு யாரும் பறக்கக் கூடாது.

சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அவள் பட்டறை. முப்பதடி நீள மேசை. மின்விசிறி கிடையாது, மடிக்கிற துணி பறக்கும். மேசைக்குப் பக்கத்தில் டீ கிளாஸோடு வந்தவர்கள் டீயோடு திரும்பிப் போயிருக்கிறார்கள். மோதிரத்தைக் கழற்றாமல் துணியைத் தொட்டால் அவளுடைய வாயிலிருந்து தப்பிக்க முடியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கயிறாகப் பார்ப்பாள்.

உத்தரத்திலிருந்து ஒரு கொக்கி தொங்கியது. அதுதான் கிளப்பின் வீராதி வீரர்களுக்கெல்லாம் பயம். ரிசர்வ் கொண்டுவருகிறவர் வார்களால் ஆன தன் இருக்கையை, அதாவது ஹார்னஸை, மாட்டிக்கொண்டு, உறையணிந்த கையோடு அந்தக் கொக்கியில் தொங்க வேண்டும். அக்கா ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, “இறக்கை மடங்கிருச்சு!” என்று கத்துவாள். அவர் பிடியைத் தேடி, இழுத்து, எறிய வேண்டும். அக்கா எண்ணிக்கொண்டே இருப்பாள்.

“ஒண்ணு... ரெண்டு... அது ஹெல்மெட் வாரு டாக்டர். மூணு... அதுவும் ஹெல்மெட் வாருதான்.”

பல் டாக்டர் தன்னுடைய தாடையைத் தானே கழற்றுவது போல அந்த வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டட காண்ட்ராக்டர் பெட்ரோல் குழாயைப் பிடுங்கினார். வக்கீல் ஒருவர் தொங்கியபடியே, “எந்தச் சூழ்நிலைல இழுக்கணும்னு தெளிவா இல்லையே மேடம்” என்று வாய்தா கேட்டார்.

“நீங்க தரைக்கு வந்துட்டீங்க சார்,” என்றாள் அக்கா. “படுத்திருக்கீங்க. உங்க வீட்டுக்கு ஃபோன் போயிட்டிருக்கு.”

இப்படிப்பட்டவள் வீட்டில்தான் கேப்டன் இருந்தார். கேப்டன் அவள் கணவர், கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர். எந்தக் கப்பலுக்கும் எந்த அணிக்கும் அவர் கேப்டனாக இருந்ததில்லை. ஒரு தொப்பி வைத்திருந்தார், அது போதுமானதாக இருந்தது. புதிதாகச் சேர்கிறவர்களை அவர் லேசில் பறக்கவிட மாட்டார். பத்து நாள் தரையிலேயே இறக்கையைத் தூக்கிப் பிடித்துப் பழக வேண்டும். மோட்டாரைக் கிளப்பும்முன் பக்கத்தில் ஆள் இல்லையென்று பார்த்து, “விசிறி!” என்று கத்த வேண்டும். கால் வார், நெஞ்சு வார், ஹெல்மெட், ரிசர்வ் பையைப் பூட்டும் ஊசி என்று நான்கையும் தொட்டுத் தொட்டுச் சொல்ல வேண்டும். ஒருவன் மூன்றாவதைத் தொடாமல் சொன்னான் என்று ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பியவர் அவர். இதில் எதையும் குறை சொல்ல முடியாது. ஊருக்கு உபதேசம் என்றால் கேப்டனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அவருடைய ரிசர்வ் மட்டும் நாலு வருடமாக அந்த மேசைக்கு வரவில்லை. முதல் வருடம் அக்காவுக்குக் காய்ச்சல். “நானே போன மாசம் பிரிச்சுக் காயவெச்சு மடிச்சுட்டேன், நீ சைன் மட்டும் போடு” என்றார். போட்டாள். அடுத்த வருடம் காய்ச்சல் இல்லை, ஆனால் பழக்கம் வந்துவிட்டது. அட்டை சாப்பாட்டு மேசைக்கு வரும், உப்பு டப்பாவுக்கும் தண்ணீர் ஜாடிக்கும் நடுவில் வைத்துக் கையெழுத்துப் போடுவாள். கிளப்பின் மற்ற இருபத்துமூன்று பேரையும் கொக்கியில் தொங்கவிட்டவளுக்குத் தன் வீட்டு ஆளைத் தொங்கவிடத் தோன்றவில்லை. வீட்டு ஆள்தானே, பொய்யா சொல்லப் போகிறார்?

ஐந்தாவது வருடமும் அட்டை உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வந்தது. ஆனால் இந்தத் தடவை மகள் குறுக்கே வந்தாள்.

மகளுக்குத் தூரத்து நகரத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பயணம். போவதற்கு முன் ஞாயிறு காலையில் அப்பாவோடு ஒரு முறை பறக்க வேண்டும் என்றாள். முன்னால் பயணி, பின்னால் பைலட், இரண்டு பேருக்கும் ஒரே இறக்கை, ஒரே ரிசர்வ். கேப்டன் இதுவரை முப்பது பேருக்கு மேல் அப்படி ஏற்றிக்கொண்டு போய் வந்திருந்தார். அவருடைய சொந்தத் தங்கையையே ஏற்றியிருந்தார்.

அக்கா பேனாவைக் கையில் எடுத்தாள். கேப்டனுக்கு மட்டும் என்றால் போட்டிருப்பாள், அதை அவளே பிறகு ஒத்துக்கொண்டாள். மகளைப் பார்த்ததும் பேனாவை மூடினாள்.

“சனிக்கிழமை பட்டறைக்குக் கொண்டு வாங்க. நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் தொங்கணும்.”

“நானா?” என்று சிரித்தார் கேப்டன். “ஏம்மா, நான் பயிற்சியாளன்.”

“அதனாலதான் சொல்றேன். நாலு பேர் பாத்துக் கத்துக்கட்டும்.”

மூன்று நாட்களில் கேப்டனுக்கு என்னென்னவோ வந்தது. முதலில் இடுப்பு வலி வந்தது. பிறகு பட்டறைக் கொக்கியின் பலத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தது. வெள்ளிக்கிழமை மனைவி மேலேயே கரிசனம் வந்தது.

“இழுத்துட்டா மறுபடி மடிக்க உனக்குத்தானே கஷ்டம்? மூணு மணி நேர வேலை.”

“இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு என் கஷ்டம் கண்ணுக்குத் தெரிஞ்சுதா? ரொம்ப சந்தோஷம். சனிக்கிழமை பத்து மணி.”

அவர் பயப்படுவது கொக்கிக்குத்தான் என்று அவள் நினைத்தாள். மாணவர்கள் முன்னால் தடுமாறிவிடுவாரோ என்ற கௌரவக் கவலை என்று நினைத்து, உள்ளுக்குள் கொஞ்சம் ரசிக்கவும் செய்தாள்.

சனிக்கிழமை பட்டறையில் பல் டாக்டர், காண்ட்ராக்டர், வக்கீல் என்று ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கேப்டன் தொங்கப் போகிறார் என்ற செய்தி பரவியிருந்தது. தொப்பியோடு வந்தார். பார்வையாளர்களைப் பார்த்தார். திரும்பிப் போக வழியில்லை. மகளை முன்னாலும் அவரைப் பின்னாலும் மாட்டிக் கொக்கியில் தூக்கினார்கள். ஆளுக்கொரு கையாகக் கயிறு இழுத்தவர்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை வர்ணிக்க வேண்டியதில்லை.

அக்கா மகளுக்குப் பிடி இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். “அப்பாவால முடியலேன்னா நீ இழுக்கணும். இழு, எறி. யோசிக்காதே.” பிறகு இருவரையும் ஒரு சுழற்று சுழற்றினாள்.

“இறக்கை மடங்கிருச்சு! ஒண்ணு...”

கேப்டன் கை பிடிக்குப் போனது. பிடித்தது. அங்கேயே நின்றது.

“ரெண்டு... இழுங்க!”

“இந்த வருஷம் போகட்டுமே,” என்றார் கேப்டன் மெதுவாக.

“மூணு!”

மகள் யோசிக்கவில்லை. சொன்னதைச் செய்கிற பிள்ளை. கையைப் பின்னால் விட்டு, அப்பாவின் விரல்களோடு சேர்த்துப் பிடியைப் பிடுங்கி, வந்த பையை முழு பலத்தோடு எறிந்தாள். அது பட்டறையின் மறுகோடிக்குப் பறந்து பல் டாக்டரின் காலடியில் விழுந்தது.

எறிந்த பைக்கும் தொங்குகிற ஆளுக்கும் நடுவில் பெல்ட் போன்ற ஒரு வார் இருக்க வேண்டும். குடை விரிந்ததும் ஆளைத் தாங்குவது அதுதான். அக்காவின் கண் முதலில் அந்த வாரைத்தான் தேடியது. வார் இல்லை. பை தனியாக அங்கே கிடந்தது, இவர்கள் இரண்டு பேரும் தனியாக இங்கே தொங்கினார்கள்.

டாக்டர் குனிந்து பையைப் பிரித்தார். உள்ளேயிருந்து நீல நிறத்தில், மஞ்சள் பூப்போட்டு, இரட்டைக் கட்டிலுக்கான ஒரு போர்வை வந்தது. நன்றாக மடித்திருந்தது.

அக்காவுக்கு அந்தப் போர்வையைத் தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால் காணாமல் போன போர்வை அது. வந்து தங்கிவிட்டுப் போன நாத்தனார்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று முடிவுகட்டி, ஜாடையாகக் கேட்டு, அது சண்டையாகி, இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். கேப்டன் அதையும் தாண்டிவிட்டார். தங்கை திருடியதாகப் பழி வந்த போர்வையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தத் தங்கையையே ஆயிரம் அடி உயரத்தில் ஊர் சுற்றிக் காட்டியிருந்தார்.

“எறக்கிவிடுங்க, சொல்றேன்,” என்றார் கேப்டன்.

“அங்கேயே சொல்லுங்க,” என்றாள் அக்கா.

தொங்கியபடியே சொன்னார். நாலு வருடத்துக்கு முன் நீண்ட தூரச் சாதனை ஒன்றுக்கு முயன்றபோது எடை இடித்தது. ரிசர்வ் மூன்று கிலோ. அதை எடுத்தால் நாலு லிட்டர் பெட்ரோல் கூடுதலாகப் போகும். எடுத்துவிட்டார். பை தொய்ந்து தெரிந்தால் மாணவர்கள் கேட்பார்களே என்று, கைக்குக் கிடைத்த போர்வையை வைத்தார். சாதனைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் குறைவாக ஒரு சோள வயலில் இறங்கினார். திரும்ப வைக்கலாம் என்றால், குடை பிரிந்து கிடந்தது. ஊரிலேயே அதை ஒழுங்காக மடிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான், அவளிடம் கொண்டுபோனால் எடுத்ததைச் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு வருடம் ஓடிவிட்டது. குடை பரணில் மகளின் பழைய பாடப்புத்தகப் பெட்டியில் இருந்தது. அதில் எலி குட்டி போட்டிருந்தது பிற்பாடு தெரிந்தது.

“ஒண்ணும் ஆகலையே,” என்று முடித்தார்.

நாளைக் காலையில் மகள் இந்தப் போர்வையை நம்பி மேலே போயிருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த வார்த்தைகளெல்லாம் வரிசையாக அக்காவின் வாய்க்கு வந்தன. கேட்க ஏழெட்டுப் பேர் தயாராகவும் இருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் மகளை இறக்கியிருந்தார்கள். அவள் மேசைமேல் கிடந்த அப்பாவின் அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவள் பார்த்தது அப்பாவை அல்ல.

“அம்மா, இதுல நாலு தடவை நீ கையெழுத்துப் போட்டிருக்கே.”

அக்காவின் வாயில் வரிசையாக நின்ற வார்த்தைகள் வந்த வழியே திரும்பிப் போயின. காய்ச்சல் என்று சொல்லலாம், அது ஒரு வருடத்துக்குத்தான் தாங்கும். பதினோரு வருடமாக அத்தனை பேரையும் தொங்கவிட்டு எண்ணியவளுக்கு, இப்போது யாரோ தன்னை எண்ணுவது போல இருந்தது.

பேனாவை எடுத்தாள். நாலு கையெழுத்தையும் ஒவ்வொன்றாக அடித்தாள். ஐந்தாவது வரியில் தேதி போட்டு எழுதினாள்: ‘பிரித்துப் பார்த்தேன். உள்ளே போர்வை ஒன்று. முன்பு பார்க்கவில்லை.’ கீழே கையெழுத்திட்டு எல்லாரும் பார்க்கும்படி சுவரில் குத்திவைத்தாள்.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், யாரையும் நோகவைக்கத் தெரியாதவர். தன் அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. என்னுதை நீங்க பிரிச்சுப் பாத்தீங்கல்ல?”

பார்த்திருந்தாள். அவருடையதை மூன்று மணி நேரம், கயிறு கயிறாகப் பார்த்திருந்தாள். ஆனால் அதைச் சொல்ல அவளிடம் இருந்தது ஒரு கையெழுத்து மட்டும்தான், அதன் யோக்கியதை எதிர்ச் சுவரில் தொங்கியது.

“அட்டையை விட்டுட்டுப் போங்க டாக்டர்,” என்றாள். “நாளைக்கு ரிசர்வோட வாங்க. உங்க கண் முன்னாடியே மறுபடி பிரிக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை யாரும் பறக்கவில்லை. திங்கட்கிழமை மகள் பஸ் ஏறினாள். இருபத்துமூன்றையும் பிரித்து மடித்து முடிக்க மூன்று வாரம் ஆனது. ஒவ்வொன்றையும் சொந்தக்காரர் எதிரில் நிற்கப் பிரித்தாள். கேப்டன் தினமும் வந்து தொப்பி இல்லாமல் துணியின் மறுமுனையைப் பிடித்தார், மோதிரத்தைச் சொல்லாமலே கழற்றினார். அவர் பறக்க அட்டை கிடையாது. வேண்டுமானால் வெளியூர்க்காரரிடம் போய்ப் புதுக் குடை மடித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம், தன் வீட்டு ஆளுக்குத் தான் போடுவதில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள்.

கடைசியாக மடிக்க அந்தப் போர்வைதான் மிச்சம் இருந்தது. துவைத்து, தேய்த்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த நாத்தனார் பையையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்கே இருந்துச்சு அண்ணி?”

வழியெல்லாம் யோசித்து வைத்த பதில் ஒன்று இருந்தது. துணி அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது என்று. அக்கா அதைச் சொல்லவில்லை.

“உன்னை வானத்துல கூட்டிட்டுப் போனப்போ உன்கூடவேதான் இருந்துச்சு,” என்றாள். “பத்திரம்னு கையெழுத்துப் போட்டவ நான்தான்.”