உட்கார்ந்தது, ஓடவில்லை

என் வீட்டுக்காரர் நல்லுசாமி ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகத் தரப் பரிசோதனையில் இருக்கிறார். வெளிப் பட்டறைகளிலிருந்து வரும் உருப்படிகளைப் பார்த்து உள்ளே விடுவதும் திருப்பி அனுப்புவதும் அவர் வேலை. அதற்கு அவர் கையில் கேஜ் என்று ஒரு எஃகுக் கட்டை இருக்கும். அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. அப்படி இருந்தால் உருப்படி பாஸ். இல்லையென்றால் சிவப்புப் பெயிண்ட். நடுவில் பேச்சு கிடையாது.

இந்தப் பழக்கத்தைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வரலாம். நிறையப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். இவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் போட்ட மோதிரத்தை வெர்னியர் வைத்து அளந்து, சொன்ன அளவைவிடப் பாயிண்ட் டூ மில்லிமீட்டர் பெரிது என்று எங்கள் ஊர் கரூருக்குத் திருப்பி அனுப்பினார். அந்த நகைக்கடைக்காரர் அதற்குப் பிறகு என் அப்பாவிடம் பேசவில்லை. மூக்கண்டப்பள்ளியில் வாடகைக்கு வீடு பார்த்தபோது மற்றவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள், இவர் கதவுச் சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். கோணல்தான். பதினான்கு வருஷமாக அந்த வீட்டில்தான் இருக்கிறோம், வாரத்துக்கு ஒருமுறை அதைச் சொல்லிக்கொண்டு.

அளப்பார், கேட்க மாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்தது: பொருள் கொடுக்கிறவன் வாயைப் பார்க்காதே, பொருளைப் பார். கம்பெனிக்கு அது நல்ல விதிதான். இவர் அதை ஊருக்கே பொருத்திவிட்டார். காய்கறிக்காரி, பஸ் கண்டக்டர், பல் டாக்டர் எல்லோரும் இவருக்கு சப்ளையர்கள். எந்த வழியாகப் போகும் என்று கண்டக்டரைக் கேட்காமல் ஏறி, ஒருமுறை ராயக்கோட்டை வரை போய்விட்டு வந்தார்.

நான் சத்யப்ரியா. மெக்கானிக்கல் டிப்ளமா. டூல் டிசைன் ஆபீஸ் ஒன்றில் பதினோரு வருஷம் கம்ப்யூட்டரில் ட்ராயிங் போட்டேன். அந்த ஆபீஸை மூடிவிட்டார்கள். இரண்டு வருஷமாக வீட்டிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, சின்னப் பட்டறைகளுக்குத் துண்டு துண்டாக ட்ராயிங் போட்டுக் கொடுக்கிறேன். வேலை வந்தால் உண்டு, வராவிட்டால் வீட்டைப் பெருக்குவேன். ஆபீஸில் இருந்தபோது என்னை மேடம் என்று கூப்பிட்டார்கள். வீட்டில் அப்படி யாரும் கூப்பிடவில்லை என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ராமப்பன் ஃபோன் செய்தார். பாகலூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறார். வெல்டிங்குக்கு உருப்படிகளை இறுக்கிப் பிடிக்கிற பெரிய சாதனம் ஒன்று, முந்நூற்று நாற்பது பாகம், முழு ட்ராயிங் வேண்டும். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தால், பிடித்திருந்தால், வருஷம் முழுவதும் பட்டறை வேலையெல்லாம் எனக்கே. பழைய ஆபீஸில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல். ராமப்பன் என் வீட்டுக்காரர் கம்பெனிக்கும் உருப்படி செய்து அனுப்புகிறவர். மாதம் தவறாமல் அவர் உருப்படிகள் சில சிவப்புப் பெயிண்டோடு திரும்பிப் போகும். அளவு கொஞ்சம் தவறிப்போனதை, இந்த ஒருமுறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு எழுதி வாங்குவதற்கு டீவியேஷன் என்று பெயர். ஒன்பது வருஷமாக ராமப்பன் கேட்டுப் பார்த்திருக்கிறார். இவர் ஒன்றுகூடக் கொடுத்ததில்லை.

"உன் வேலை, உன் பேரு. அவரு பட்டறை வாசல நான் மிதிக்க மாட்டேன்" என்றார்.

"நீங்க மிதிக்க வேண்டாங்க. நான் மிதிச்சுக்கறேன்" என்றேன்.

பாதி வேலையில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. முந்நூற்று நாற்பது பாகத்தையும் ஒன்றாகத் திறந்தால் இருபது நிமிடம் வட்டம் சுற்றும். உள்ளே இருந்த பிராசஸர் பழைய ஐ3. அதைவிட வேகமான ஒன்றை மாற்றினால் போதும் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து பெங்களூர் போய் வாங்கி வருகிறேன் என்றார். மதர்போர்டின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

"இந்த போர்டுக்கு எது ஏறும்னு கடையில கேளுங்க."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு, பழசை எடுத்துட்டுப் போயி அளந்து வாங்கறேன்" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிராசஸர் என்பது தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சதுரத் தகடு. அது மதர்போர்டில் சாக்கெட் என்ற குழிக்குள் உட்காரும். குழியில் தலைமுடி கனத்துக்கு ஆயிரத்து நூற்று ஐம்பத்தொரு கம்பிகள் நிற்கும், அதனால் அந்த சாக்கெட்டுக்கு அந்த எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள். நல்லுசாமி பழைய பிராசஸரைக் கழற்றி அளந்தார். முப்பத்தேழரைக்கு முப்பத்தேழரை மில்லிமீட்டர். ஓரத்தில் இருக்கிற வெட்டு எங்கே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டார். மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து அதை எடுத்துக்கொண்டு போனார்.

கடையில் ஒரு ஐ5 காட்டியிருக்கிறார்கள். பெட்டியில் 1151 என்று போட்டிருந்தது. இவர் பையிலிருந்து வெர்னியரை எடுத்து அளந்தார். அளவு சரி, வெட்டு சரி. கடைக்காரர் கன்னடத்தில், "போர்டு யாவுது சார்?" என்று கேட்டிருக்கிறார். எந்த போர்டு என்று. இவருக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். போர்டையும் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். பழைய பிராசஸரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிவந்தார்.

சாயங்காலம் ஏழரைக்கு அதைப் பொருத்தினார். அழுத்தாமலே குழிக்குள் இறங்கிவிட்டது.

"பாத்தியா, விரல் வைக்காமயே உக்காந்துருச்சு" என்றார்.

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாக இருந்தது. அணைத்துப் போட்டேன், மறுபடியும் கறுப்பு. அவர் கழற்றி மாட்டினார். நான்கு முறை கழற்றி மாட்டினார். லென்ஸை வைத்து ஆயிரத்து நூற்று ஐம்பத்தொரு கம்பிகளையும் வரிசை வரிசையாகப் பார்த்தார். ஒன்றும் வளையவில்லை.

"பீஸ் ஓகே. போர்டும் ஓகே" என்றார்.

"அப்பறம் ஏன் ஓடல?"

"அது தெரியல. ஆனா ரெண்டும் ஓகே."

எனக்கு வந்த கோபத்தில் சமையலறைக்குப் போய்க் கழுவிவைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன். வெள்ளிக்கிழமை முழு நாளும் சனிக்கிழமை காலையும் இருந்தால்தான் அந்த ட்ராயிங் முடியும். இப்போது மெதுவாக ஓடிய கம்ப்யூட்டரும் ஓடவில்லை. பழைய பிராசஸர் பெங்களூரில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் ஷிஃப்டுக்குப் போனதும் போர்டையும் பிராசஸரையும் கழற்றி ஒரு கட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். அங்கே சுவாதி என்ற பெண் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறாள். போர்டின் பெயரைப் பார்த்தாள், பிராசஸர் முதுகில் இருந்த எண்ணைப் பார்த்தாள். மாட்டிப் பார்க்கக்கூட இல்லை.

"யாரு மாட்டுனதுக்கா?"

"வீட்டுக்காரர்."

"என்ன பண்றாரு?"

"கம்பெனில குவாலிட்டி."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். போர்டு செய்கிற கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். என் போர்டுக்கு எந்தெந்தப் பிராசஸர் ஏறும் என்று நீளமாக ஒரு பட்டியல். ஆறாவது தலைமுறை, ஏழாவது தலைமுறை, அத்தோடு முடிந்துவிட்டது. நாங்கள் வாங்கியது எட்டாவது.

"ரெண்டுக்கும் சாக்கெட் பேரு ஒன்னுதான், அளவும் ஒன்னுதான், உக்காரவும் செய்யும். ஆனா எந்தக் கம்பில கரண்ட் போகணும்ங்கறத எட்டாவதுக்கு மாத்திட்டாங்க. அதுக்கு வேற போர்டு வேணும். இது வெளிய பாத்தா தெரியாதுக்கா. பட்டியலத்தான் பாக்கணும், இல்ல யாரையாவது கேக்கணும்."

அந்தப் பட்டியலைப் பார்க்க எங்களுக்கு இரண்டு நிமிடம் ஆனது. எட்டாவதுக்கு ஏற்ற போர்டும் இல்லை, என் போர்டுக்கு ஏற்ற ஏழாவது தலைமுறைப் பிராசஸரும் அவளிடம் இல்லை. பெங்களூர் போய் மாற்றுவதுதான் வழி, போய்வந்தால் சாயங்காலமாகிவிடும். அன்றைய நாள் போய்விட்டது என்பது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதே எனக்குப் புரிந்தது. ஆபீஸை மூடிய அன்றுகூட நான் அழவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன்.

மூன்று மணிக்கு அவர் வந்தார். பட்டியல் விஷயத்தைச் சொன்னேன். கையைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டு நின்றார். சட்டைப் பையிலிருந்து என் துண்டுத் தாளை எடுத்து ஒருமுறை படித்தார்.

"ராமப்பனுக்கு நான் ஃபோன் பண்ணி, முடியலைன்னு சொல்லிடறேன்" என்றேன்.

"வேண்டாம். பாஸ் பண்ணுனது நான். நான்தான் போயி நிக்கணும். வண்டில ஏறு."

ராமப்பனுக்கு அறுபது வயதிருக்கும். பட்டறை வாசலில் இவரைப் பார்த்ததும் லேத்தை நிறுத்தச் சொன்னார். கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, ஒரு ஆள் ஓடிப்போய்ச் சில உருப்படிகளின் மேல் சாக்கை இழுத்துப் போட்டான். இவர் அதைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே போனார்.

டீ வந்தது. இவர் குடிக்கவில்லை.

"திங்கக்கிழமை உங்க லாட் வருது. அதுல ரிஜெக்ட் ஆனா ரிஜெக்ட்தான். அதையும் இதையும் சேக்கக் கூடாது. சத்யா ட்ராயிங் நாளைக்கு வராது. தப்பு என்னுது. திங்கக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் ஒரு டீவியேஷன் வேணும்" என்றார்.

ராமப்பன் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். இவர் கம்பெனியின் படிவம். தவறு நடந்தால் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு, ஐந்துக்கும் பதில் எழுதி, கடைசியில் வேர்க் காரணத்தைக் காட்ட வேண்டும். எழுதி எழுதி ராமப்பனிடம் கட்டுக் கட்டாக மிச்சம் இருந்தது.

"எழுத்துல குடுங்க சார். வாய்ல சொன்னா எடுத்துக்க முடியாது. நீங்க சொன்னதுதான்."

இவர் பேனாவை எடுத்து எழுதினார். ஏன் ஓடவில்லை? பிராசஸர் அந்த போர்டுக்கு ஆகாதது. ஆகாததை ஏன் வாங்கினீர்கள்? சாக்கெட்டில் உட்காரும் அளவு இருந்தது. அளவை மட்டும் ஏன் பார்த்தீர்கள்? எனக்குப் பார்க்கத் தெரிந்தது அதுதான். தெரிந்தவர்களை ஏன் கேட்கவில்லை? கடைக்காரரே கேட்டார், சப்ளையர்தானே என்று நான் பதில் சொல்லவில்லை. இத்துடன் நிறுத்திக் கொடுத்துவிட்டார்.

ராமப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"அஞ்சாவது காலியா இருக்கு சார். வீட்லயே இந்தம்மாவுக்குத் தெரியும் இல்ல, அவங்கள ஏன் கேக்கல? காலியா விட்டா நீங்க எடுத்துக்குவீங்களா?"

"எடுத்துக்க மாட்டேன்" என்றார்.

காகிதத்தை வாங்கினார். ஐந்தாவது வரிக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் மற்ற நான்கையும் இரண்டு முறை எழுதியிருக்கலாம். எழுதிக் கையெழுத்துப் போட்டார். ராமப்பன் படித்தார். படித்துவிட்டு, அவரிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். அதில் இப்படி இருந்தது: மனைவி கேட்கச் சொன்னார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ராமப்பன் அதன் கீழேயே 'இந்த ஒருமுறை மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "திங்கக்கிழமை பன்னெண்டு மணி, மேடம்" என்றார்.

சனிக்கிழமை பெங்களூரில் ஏழாவது தலைமுறைப் பிராசஸர் கிடைத்ததும், திங்கட்கிழமை பதினொன்றே காலுக்கு ட்ராயிங்கைக் கொடுத்ததும், வேலை எனக்கே வந்ததும், அதே திங்கட்கிழமை ராமப்பனின் இருநூறு உருப்படியில் பதினாலைச் சிவப்புப் பெயிண்டோடு இவர் திருப்பி அனுப்பியதும் தனித்தனிச் செய்திகள். நான் சொல்ல வந்தது வெள்ளிக்கிழமை நாங்கள் வீடு திரும்பிய வழி.

சிக்னலில் வண்டி நின்றபோது கேட்டேன்.

"கடைசில எழுதுனத வேற மாதிரி எழுதியிருக்கலாமேங்க."

"வேற மாதிரி எழுதுனா அவரு எடுத்துருக்க மாட்டாரு. நானா இருந்தாலும் எடுத்துருக்க மாட்டேன்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நாளைக்கு நீயும் வா. கடையில நீ பேசு. நான் பை புடிச்சுக்கறேன்" என்றார்.

சரி என்றேன். அவர் எழுதியது எனக்குப் புதிதில்லை. பத்தொன்பது வருஷமாகத் தெரிந்ததுதான். ஆனால் கையெழுத்தோடு பார்த்தது அன்றைக்குத்தான், வலித்தது. மூக்கண்டப்பள்ளி வரும்வரை நான் அவரைப் பிடித்துக்கொள்ளவில்லை. வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன்.