லுத்ஃபி தட்டச்சிட்ட பெண்

எங்கள் எலும்பு மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாகத் தொலைபேசி எடுப்பவர் லுத்ஃபி. அலெக்சாந்திரியாவில் பாதிப் பேரின் முட்டிவலி அவருக்கு மனப்பாடம். பொய் சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. பக்கத்து மேசையில் சீட்டு எழுதும் எனக்கே அவரை முழுசாக நம்பப் பயம்தான்.

போன வருடம் டாக்டர் ஷவ்கத் ஒரு மென்பொருள் வாங்கினார். எழுதிக் கொடுப்பதைப் பெண் குரலில் போனில் வாசிக்கும்.

"ஒரு மாசம் பாப்போம் லுத்ஃபி. சரியா ஓடிச்சுன்னா நீங்க ஆஸ்பத்திரி துணி ஸ்டோருக்குப் போயிடுங்க," என்றார். அது வாசிக்க வேண்டியதைத் தட்டச்சு செய்யும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லுத்ஃபி தேநீரில் நான்காவது கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கினார். "போர்வை, தலகாணி உறையோட எல்லாம் நான் என்னத்தம்மா பேசுறது?" என்று என்னிடம் கேட்டார். அன்றுதான் அவர் குரல் உடைந்து கேட்டேன்.

முதல் வாரம் டாக்டர் சொன்னதை அப்படியே அடித்தார். முன்பதிவுக்கு ஒன்றை அழுத்தவும், அவ்வளவுதான். எங்கள் ஜனம் சலாம் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. பதில் வராததும், வளர்த்த விதம் சரியில்லை என்று திட்டிவிட்டு போனை வைத்தது.

"சலாமுக்குப் பதில் சொல்ல வைங்க," என்றார் டாக்டர்.

"எவ்வளவு மரியாதை வேணும் டாக்டர்?"

"நீங்க எப்படிப் பேசுவீங்களோ, அப்படி."

இது போதாதா லுத்ஃபிக்கு? பதில் சலாம், கொஞ்சம் இடைவெளி. உடம்பு எப்படி, முட்டி எப்படி, பிள்ளைகள் வந்து பார்க்கிறார்களா, ஒவ்வொன்றுக்கும் தாராளமாக இடைவெளி. கடைசியில் ஒரு இன்ஷா அல்லா. அதற்குப் பிறகுதான் ஒன்றை அழுத்துவது. ஜனம் கால்மணி நேரம் மனம்விட்டுப் பேசி, பதிவு செய்ய மறந்து, நிம்மதியாக வைத்தது.

டாக்டர் மசியவில்லை. மாதக் கடைசி நாள், லுத்ஃபியின் மாற்றல் உத்தரவு கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு டாக்டர் எங்கள் மேசைக்கு வந்த நேரத்தில், டாக்டருடைய அம்மா இஜ்லால் அம்மாள், விசேஷத்துக்குக் கட்டும் பட்டு முக்காடும் கையில் பஸ்பூஸா இனிப்புப் பெட்டியுமாக உள்ளே நுழைந்தார்.

"எங்கடா அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணும்மா?"

"போன்ல பேசுறவ. உன்னத் தேடித்தான் தினமும் போன் போடுறேன். நீ கிடைக்கல, அவ கிடைச்சா. தவறாம என் முட்டியப் பத்திக் கேக்குறா. நீ ஒருநாள் கேட்டிருப்பியா? நாப்பத்திமூணு வயசுல எனக்கொரு மகன் நிக்கிறான், கட்டிக்கிறியான்னேன். இன்ஷா அல்லான்னுட்டா. பொண்ணப் பாக்கத்தான் வந்தேன்."

டாக்டர் முகத்தில் ரத்தமே இல்லை. பெற்றவளைத் தினமும் விசாரித்தது ஒரு இயந்திரம் என்று எந்த வாயால் சொல்வார்? லுத்ஃபியைப் பார்த்தார். அந்த மாதிரிக் கெஞ்சலை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

லுத்ஃபி மரியாதையாக எழுந்து நின்றார். "மன்னிச்சுக்கங்கம்மா. அந்தப் பொண்ணு நேத்தோட வேலைய விட்டுப் போயிடுச்சு."

"அடப் பாவமே. அப்போ இனிமே போன யாரு எடுப்பா?"

லுத்ஃபி டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் கையிலிருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"லுத்ஃபிதாம்மா," என்றார்.