ஆமாம் போட்ட டீச்சர்

மதுரை விமான நிலையத்தின் வெளிவாசலில் ஸ்பெயின் நாட்டு விருந்தாளிக்காகக் காத்து நின்றிருந்தாள் பாண்டிச்செல்வி. ஏழு வருஷமாகக் கல்லூரியில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறாள். ஆனால் ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு ஆளோடு நேருக்கு நேர் நின்று பேசியதே இல்லை. இது அவள் புருஷன் இம்மானுவேலைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மேலூர்ப் பக்கத்து கிராமம் அவளுக்கு. அப்பா சோணைமுத்து அடுத்தவர் வயலில் கதிர்க்கட்டு சுமந்து மகளை பி.எஸ்சி. படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு கம்பெனி வேலை. மெக்சிகோ வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் பிரிவில் போட்டு, அவர்களே மொழியையும் கற்றுக்கொடுத்தார்கள். வாய் திறந்து பேசுகிற வேலை இல்லை. கேள்வி திரையில் வரும், பதிலைத் தட்டி அனுப்ப வேண்டும். எழுத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கல்யாணமாகி மதுரைக்கு வந்த சமயம், ஒத்தக்கடைப் பக்கத்து பொறியியல் கல்லூரியில் விருப்பப் பாடமாக ஸ்பானிஷ் ஆரம்பித்தார்கள். மதுரையில் அந்த மொழி தெரிந்தவர்கள் எத்தனை பேர்? வேலை வீடு தேடி வந்தது.

வருஷங்கள் போகப் போகத்தான் பயம் முளைத்தது. வீடியோக்களில் கீழே எழுத்து ஓடினால் எல்லாம் புரியும்; எழுத்தை மறைத்தால் பாதிக்கு மேல் போய்விடும். நாடெங்கும் உள்ள ஸ்பானிஷ் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருந்தாள். பயிற்சி முகாம், இலவசப் பாடப்பொருள், உதவித்தொகை என்று தினமும் ஏதாவது வரும். அதில் ஒருநாள், வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் இரண்டு வாரம் வந்து உடனிருந்து பாடம் நடத்தும் திட்டம் பற்றிப் போட்டிருந்தார்கள். கிடைக்கவா போகிறது என்று விண்ணப்பித்து வைத்தாள். கிடைத்துவிட்டது.

மொழித்துறைத் தலைவர் அனந்தராமனுக்குத் தலைகால் புரியவில்லை. "மேடம், நல்ல நேரத்துல வந்திருக்கு. ஸ்பானிஷை எடுத்துட்டு ஜப்பானீஸ் போடலாம்னு மேனேஜ்மென்ட்ல பேசிண்டிருக்கா. சேர்மனையே முதல் வகுப்புக்கு அழைச்சுண்டு வரேன். நீங்க ரெண்டு பேரும் சரளமா பேசிக் காட்டுங்கோ, போதும்" என்றார்.

சரளமா. அந்த ஒரு வார்த்தை அன்றிலிருந்து அவளைத் தூங்கவிடவில்லை.

வந்த அம்மாளின் பெயர் ரோசியோ. ஐம்பது வயது, கட்டையாக வெட்டிய நரைமுடி, ஸ்பெயினின் தெற்குக் கோடிக் கடற்கரை ஊர்க்காரி. தள்ளுவண்டியில் இரண்டு பெரிய பெட்டிகள், நிறையப் புத்தகங்கள். பாண்டிச்செல்வியைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

பாண்டிச்செல்விக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அந்த ஊர்க்காரர்கள் பாதி எழுத்தை முழுங்கிவிட்டுத்தான் பேசுவார்கள் என்று எங்கோ படித்திருந்தாள். இம்புட்டு முழுங்குவார்கள் என்று நினைக்கவில்லை. வெயிலைக் குறிக்கும் சொல் மட்டும் காதில் விழுந்தது.

"ஸி, ஸி" என்றாள். ஆமாம், ஆமாம்.

ரிங் ரோட்டில் கார் போகப் போக ரோசியோ பேசிக்கொண்டே வந்தாள். பாண்டிச்செல்வி சிரித்துச் சிரித்து ஆமாம் போட்டாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த இம்மானுவேல், "என்ன சொல்லுறாங்க செல்வி?" என்று கேட்டான்.

"ஊரு ரொம்பப் பிடிச்சிருக்காம்."

பாண்டி கோவில் தாண்டியதும் ரோசியோவின் முகம் மாறியது. தொண்டையைத் தொட்டுக் காட்டி, விரலை உயர்த்தி, ஒரு சொல்லை இரண்டு தடவை சொன்னாள். அனகார்தோ. பிறகு ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

அப்போதே கேட்டிருக்கலாம். "புரியலை, திரும்பச் சொல்லுங்க" என்று முதல் வாரமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாக்கியம்தான். அது நாக்கு நுனி வரை வந்தது. இப்போது கேட்டால், இதுவரை போட்ட ஆமாம் எல்லாம் பொய் என்று தெரிந்துபோகுமே?

"பிரச்சினையே இல்லை" என்று ஸ்பானிஷில் சொன்னாள். ரோசியோ நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள்.

அந்தச் சொல் பாண்டிச்செல்வியை உறுத்திக்கொண்டே வந்தது. போனில் பார்க்கலாமென்றால் ரோசியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் பார்ப்போம் என்றிருந்தவளுக்கு, வீட்டில் அறையைக் காட்டவும் பெட்டியை ஏற்றவும் அக்கம்பக்கத்தாருக்குப் பதில் சொல்லவுமே நேரம் சரியாக இருந்தது. சாப்பாடு இம்மானுவேல் பொறுப்பு. விடிகாலையிலேயே எழுந்து செய்திருந்த கோழிக் குருமாவைச் சூடு பண்ணி, பரோட்டாவோடு வைத்தான்.

ரோசியோ சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் பாண்டிச்செல்வி அடுப்படிக்குள் போய்ப் போனை எடுத்தாள். அனகார்தோ.

திரையில் வளைந்த கொட்டை ஒன்றின் படம் வந்தது. முந்திரிப்பருப்பு. மெக்சிகோவில் அதற்கு 'இந்தியாக் கொட்டை' என்று பெயர். அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"ஏங்க, குருமாவுல முந்திரி போட்டீங்களா?"

"பின்னே? கசகசாவும் முந்திரியும் அரைச்சு ஊத்தாம இந்தக் கெட்டி எப்படி வரும்?"

பதில் முடிவதற்குள் ஓடினாள். ரோசியோவின் கையிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தாள். அதற்குள் நாலைந்து வாய் போயிருந்தது. உதடு தடித்துக் கழுத்தில் சிவப்புத் திட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. ரோசியோ இருமிக்கொண்டே தன் தோள்பையைக் காட்டினாள். பாண்டிச்செல்வி பையைக் கவிழ்த்தாள். ஒவ்வாமைக்காரர்கள் அவசரத்துக்குப் போட்டுக்கொள்ளும், பேனா மாதிரி ஒரு ஊசி உருண்டு விழுந்தது. ரோசியோவே அதைத் தொடையில் அழுத்திக் குத்திக்கொண்டாள்.

மாட்டுத்தாவணிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை பாண்டிச்செல்வி அந்த அம்மாளின் கையை விடவில்லை. செத்துப்போனால் என்ன செய்வேன்? அவள் வீட்டாரிடம் எந்த மொழியில் சொல்வேன்?

அவசரப் பிரிவில் தமிழ்வாணி என்ற இளம் டாக்டர் இருந்தார். "ஆஸ்துமா இருக்கா? வேற மாத்திரை ஏதாவது எடுக்குறாங்களா? கேளுங்க" என்றார்.

கேட்டாள். ரோசியோ மூச்சுத்திணறலோடு ஏதோ சொன்னாள்.

"எனக்குப் புரியலை" என்றாள் பாண்டிச்செல்வி ஸ்பானிஷில். "மெதுவா. ஒவ்வொரு வார்த்தையா."

ரோசியோ அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். ரத்தஅழுத்த மாத்திரையின் பெயர் விளங்கவில்லை. "திரும்ப" என்றாள். மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. சரிதானா என்று தானே சொல்லிக் காட்டி, ரோசியோ தலையசைத்த பிறகே டாக்டரிடம் சொன்னாள். வெட்கப்படக்கூட அப்போது நேரமில்லை.

வீக்கம் வடிந்தது. மறுபடி வரக்கூடும், நாளை வரை இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். திரைக்குப் பின்னால் இருவரும் தனியாக இருந்தபோது பாண்டிச்செல்வி சொன்னாள்: "கார்ல நீங்க பேசுனது எதுவுமே எனக்குப் புரியலை. எல்லாத்துக்கும் ஆமாம்னேன். நீங்க கேட்ட அந்தக் கேள்விக்கும்."

ரோசியோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நான் செத்துப்போயிருப்பேன்."

"தெரியும்."

"கோபமா இருக்கு. இப்ப ஒண்ணும் பேச வேண்டாம்."

பாண்டிச்செல்வி வெளியே வந்து அனந்தராமனுக்குப் போன் போட்டு நடந்தது அத்தனையும் சொல்லிவிட்டாள். அவர் பதறிப்போனார். "இது சேர்மன் காதுக்குப் போனா பாடமும் போச்சு, உங்க வேலையும் போச்சு மேடம். முதல் வகுப்பை ரெண்டு நாள் தள்ளிப் போடறேன். அந்தம்மா வராளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

ரோசியோ வந்தாள். ஏன் வருகிறாள் என்று கேட்கப் பாண்டிச்செல்விக்குத் தைரியம் வரவில்லை. போகும் வழியில் ரோசியோ ஒன்றுதான் சொன்னாள். "இனி புரியலைன்னா புரியலைன்னு சொல்லு. எங்கே இருந்தாலும். யார் முன்னாலயும்."

வகுப்பில் சேர்மன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ரோசியோ தன் ஊர்ச் சந்தையைப் பற்றித் தன் வழக்கமான வேகத்தில் பேசினாள். பிள்ளைகள் திருதிருவென்று விழித்துவிட்டு டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். பாண்டிச்செல்வி கையைத் தூக்கினாள்.

"எனக்குப் புரியலை. கடைசியா சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க."

கனகா என்ற மாணவி களுக்கென்று சிரித்துவிட்டாள். ரோசியோ சிரிக்காமல் திரும்பச் சொன்னாள். பாண்டிச்செல்வி இன்னொரு கேள்வி கேட்டாள். கொஞ்ச நேரத்தில் கனகாவே கையைத் தூக்கி, ஏழு வருஷத்தில் எந்தப் பிள்ளையும் கேட்காததைக் கேட்டாள்: "எனக்கும் புரியலை. மெதுவா." அதன்பிறகு வகுப்பில் ஒரே இரைச்சல். சேர்மன் பாதியிலேயே எழுந்து போனார். முகத்தில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை.

ஸ்பானிஷை இந்த ஒரு வருஷத்துக்கு வைத்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். ரோசியோ புத்தகங்களைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினாள். விமான நிலையத்தில் முத்தமிட்டாள், முன்போலக் கட்டிப்பிடிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவளே வீடியோவில் அழைத்தாள். இப்போது சனிக்கிழமைதோறும் பேசுகிறார்கள்.

அவள் ஊரில் கோடையில் நடக்கும் ஆசிரியர் பயிற்சிக்குப் பாண்டிச்செல்வி விண்ணப்பித்திருக்கிறாள். எழுத்துத் தேர்வு தாண்டிவிட்டது. நேர்காணல் வருகிற வியாழக்கிழமை, மூன்று பேர் கேள்வி கேட்பார்களாம், மூவரும் மூன்று நாட்டுக்காரர்களாம்.

"பயமா இருக்கா செல்வி?" என்று இம்மானுவேல் கேட்டான்.

"ரொம்பப் பயமா இருக்குங்க" என்றாள் அவள், ரோசியோவின் அழைப்புக்காகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டே.